அரசு மருத்துவமனைத் தன்னார்வலர் பிரச்சினை: புதுப்பிப்பு
முன்பு எழுதியிருந்தேனே, எங்கள் அரசு மருத்துவமனையில் தன்னார்வலர் ஒருவர் மயக்கத்தில் கிடந்த பாட்டியின் தலையணைக்கு அடியில் ஜெபத் துண்டுப்பிரசுரம் வைத்ததும், இன்னொருவர் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமலேயே திருநீறு பூசியதும், பாட்டியின் மகன் கொதித்துப்போனதும். நேற்று செவிலியர் கண்காணிப்பாளர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டார். பொட்டு, சிலுவை, ஹிஜாப் எதற்கும் தடையில்லை, அது அவரவர் உரிமை. ஆனால் நோயாளியிடம் மதப் பேச்சை நாமாக எடுக்கக் கூடாது. அவரே பிரார்த்தனை வேண்டும் என்று கேட்டால் நாம் செவிலியரிடம் சொல்ல வேண்டும், நோயாளியின் வீட்டுக்குப் பழக்கமான பூசாரியோ பாதிரியாரோ இமாமோ வரட்டும். ‘அப்போ மதச் சுதந்திரம்?’ என்று ஒருவர் கேட்டார். அரசியலமைப்பின் 25-வது பிரிவு அந்த உரிமையைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாமல் படுத்திருப்பவர்மேல் நம் நம்பிக்கையைத் திணிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. சரி, இந்த விதிகளை எங்கள் அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடிக்கப் போகிறார்களாம்.