மறு: மறு: வேர்ல்ட்பில்டிங்குக்கு (கதைக்காக ஒரு உலகத்தையே உருவாக்கறதுக்கு) தமிழ்ல என்ன போடறது?

> கதைக்களம்னே போட்டுடலாமே, எதுக்கு புதுச் சொல்?

கதைக்களம் பத்தாதுண்ணா. அது செட்டிங், கதை நடக்கற இடம். மதுரைல நடக்கற குடும்ப நாவலுக்கும் கதைக்களம் உண்டு, ஆனா மதுரையை எழுத்தாளர் உக்காந்து உருவாக்கல. நாம போடற நாவல் பரிந்துரைப் பட்டியல்ல "இந்த நாவல்ல எது பலம்"னு ஒரு பத்தி வருதில்ல, அங்கதான் இந்தச் சொல் வேணும், ஏன்னா ட்யூன்ங்கற அறிவியல் புனைகதை படிக்கலாமானு கேக்கறவருக்கு கதைச்சுருக்கம் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல, வாரிசுச் சண்டைக் கதை நாம பாக்காததா.

அதுல (1965, ஃப்ராங்க் ஹெர்பர்ட்) அராக்கிஸ் கிரகத்துல சொட்டுத் தண்ணிக்குப் பஞ்சம். வேர்வை, மூச்சு ஈரம் எல்லாத்தையும் பிடிச்சு வடிகட்டி திரும்பக் குடிக்கத் தர்ற உடுப்பு இல்லாம பாலைவனத்துல நடமாட முடியாது. அந்தப் பாலைவன ஜனங்களான ஃப்ரெமன்களோட தலைவன் ஸ்டில்கர், கிரகத்தை ஆள வந்திருக்கற டியூக்கைப் பாக்க வர்ற இடத்துல மேசை மேல எச்சில் துப்புவான். டியூக்கோட ஆளுங்க கொதிச்சுப் போயிடுவாங்க, டங்கன் ஐடஹோ மட்டும் அதுக்கு நன்றி சொல்லிட்டு தானும் துப்புவான். உடம்பு ஈரத்தை ஒருத்தருக்காக செலவழிக்கறது அங்க மரியாதை! கதை அங்க பெருசா நகரல, ஆனா மொத்த கிரகமும் அந்த எச்சில்ல தெரிஞ்சுடுது. இந்த வேலைக்குத்தான் பேர் தேடறோம்.

இதுவரை வந்ததுல உலகாக்கம் வேண்டாம், படிக்கறவன் உலகமயமாக்கம்னு நினைச்சு பொருளாதாரக் கட்டுரைக்குத் தயாராயிடுவான். உலகக் கட்டுமானம்னா டெண்டர் விட்ட மாதிரி இருக்கு. கம்பன்லேர்ந்து உளவாக்கல் எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, உலகங்களை உண்டாக்கறதுக்கு கடவுள் வாழ்த்துலயே சொல் இருக்கு, என்ன ஒண்ணு, பத்துல ஒன்பது பேர் அதை உளவுத்துறைனுதான் படிப்பான்.

என் யோசனை: உருவான உலகத்துக்கு புனையுலகு, உருவாக்கற வேலைக்கு உலகுபுனைவு. புனைபெயர், புனைகதை வழில வந்தது, யாருக்கும் விளக்க வேண்டாம். "உலகுபுனைவு பிரமாதம், பாத்திரங்கள்தான் சப்பை"னு ஒரு பரிந்துரைல எழுதிப் பாத்தேன், இடிக்கல.

---

தம்பி, சொல் நல்லாருக்கு, ரெண்டு சந்தேகம். ஒண்ணு, உலகுபுனைவா உலகுப்புனைவா? ரெண்டு, ஆர்.கே.நாராயணோட மால்குடியும் மேப்ல இல்லாத ஊர்தானே, அதுவும் புனையுலகா? அப்படின்னா உன் பட்டியல்ல எல்லா நாவலும் வந்து உக்காந்துக்கும்.

இன்னொண்ணு, உதாரணம்னாலே ட்யூன், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கீன்னு ஓடறீங்க. சுஜாதாவோட என் இனிய இயந்திராவுல எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான், நிலா, சிபி, ரவி, ஜீவா. குழந்தை பெத்துக்க அரசாங்கம் அனுமதி தரணும். சர்வாதிகாரம்னு பக்கம் பக்கமா லெக்சர் அடிக்காம, பேரை வெட்டியே காட்டிட்டார் மனுஷன். அதையும் சேருங்கப்பா.

---

அக்கா, ப் வராது. உலகைப் புனையறதுதானே, ரெண்டாம் வேற்றுமைத் தொகை, அதனால இயல்பா நிக்கும்.

மால்குடி நல்ல கேள்வி. என் பிரிப்பு இதுதான்: மால்குடில ஊர் மட்டும்தான் கற்பனை, விதி எல்லாம் நம்ம விதி, ரயில் வரும், பரீட்சை வரும், அப்பா திட்டுவார். அதைப் புனைவூர்னு சொல்லிக்கலாம். விதியே மாறினாத்தான் புனையுலகு. லெ குவினோட த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்ல (1969) கெதன் கிரகத்து ஜனங்களுக்கு நிரந்தரமா ஆண், பெண்ணுனு எதுவும் கிடையாது, மாசத்துல சில நாள்தான் ஏதாவது ஒண்ணா மாறுவாங்க, அதனால ராஜா கர்ப்பமா இருக்கார்ங்கறது அங்க சாதாரண நியூஸ். சுஜாதாவும் இந்தப் பக்கம்தான் வருவார், சேத்துட்டேன்.

ஆனா ஒண்ணு, உலகுபுனைவு பெருசா இருந்தாலே நாவல் நல்லதுனு பட்டியல்ல ஒரு தொனி வந்துடுச்சு, அதை மாத்தணும். டோல்கீன் முதல்ல மொழிகளை உருவாக்கிட்டு அதைப் பேச ஒரு உலகம் வேணும்னு கதைக்கு வந்தவர், அந்த அளவு பின்புலம் எல்லாருக்கும் செரிக்காது. புது வாசகருக்கு நான் முதல்ல குடுக்கறது சூசன்னா கிளார்க்கோட பிரனேசி (2020). முடிவே இல்லாத மண்டபங்கள், வரிசையா சிலைகள், கீழ்த்தளத்துல கடல் அலை, நடுவுல அலை வர்ற நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டு நிம்மதியா வாழற ஒருத்தன், அவ்வளவுதான் உலகம். சின்ன புத்தகம், அவனுக்கு விஷயம் புரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நமக்குப் பயம் வந்துடும். ட்யூன் அதுக்கப்புறம்.

பத்தித் தலைப்பை உலகுபுனைவுனு மாத்திட்டேன். மேஜிக் சிஸ்டம், அதாவது கதைல மாயம் எப்படி வேலை செய்யும்ங்கற விதிகள், அதுக்குச் சொல் இல்லாம இன்னும் அப்படியே கிடக்கு, மாய முறைமைனு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, வேற ஏதாவது இருந்தா தனி இழைல போடுங்க.