மீன் கூடை தூக்கும் ஷாட்: ஸ்பிளைன் போட்டதும் கனம் போயிடுது

முதுநகர்_ரிக்:
பிளெண்டர்ல (3டி அனிமேஷன் மென்பொருள்) ஒரு ஷாட், 24 எஃப்.பி.எஸ். (வினாடிக்கு 24 ஃப்ரேம்). கடலூர் துறைமுகத்துல ஒருத்தர் 25 கிலோ மீன் இருக்கிற அன்னக்கூடையைத் தரையிலேருந்து தூக்கி, இடுப்பு உயரத்துல பிடிச்சு ஆறு எட்டு எடுத்து வச்சு நடந்து, தொப்புனு கீழே போடணும். பிளாக்கிங்ல (முக்கிய போஸ்களை மட்டும் வைக்கிற கட்டம்) போஸ் நல்லா இருக்கு. ஸ்பிளைன் (போஸ்களுக்கு நடுவுல இருக்கிற ஃப்ரேம்களை மென்பொருளே வளைகோட்டால நிரப்புறது) போட்டதும் கூடை காலி மாதிரி தெரியுது. தூக்குறதை 20 ஃப்ரேம்லேருந்து 40க்கு இழுத்தா தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆகுது. கூடை விழ 18 ஃப்ரேம். மொபைல்ல எடுத்த ரெஃபரன்ஸ் வீடியோவைப் பின்னணியில போட்டு, ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்துத்தான் வச்சிருக்கேன். எங்க தப்பு?

கெடிலக்கரை:
மொத்தத்தையும் மெதுவாக்கினா கனம் வராது நண்பா. கூடை நகர்றதுக்கு முன்னாடி உடம்பு என்ன செய்யுதுங்கறதுலதான் கனம் தெரியும். பிடியைப் பிடிச்ச பிறகு 5, 6 ஃப்ரேம் கூடை அசையவே கூடாது. அந்த நேரத்துல இடுப்பு பின்னாடி போகும், முழங்கை நேராகும், தோள் கீழே இழுபடும். அப்புறம் கூடையோட ஒரு ஓரம் முதல்ல எழும்பட்டும், மறு ஓரம் 2 ஃப்ரேம் கழிச்சு. இடுப்பு முதல்ல எழும்பும், நெஞ்சு 2, 3 ஃப்ரேம் பின்னாடி வரும், தலை கடைசி.

பக்கவாட்டு கேமராவுல பேலன்ஸ் பாருங்க. ஆள் 60 கிலோ, கூடை அவர் உடம்போட மையத்துக்கு 40 செ.மீ. முன்னாடின்னா, ரெண்டும் சேர்ந்த மையம் கிட்டத்தட்ட 12 செ.மீ. முன்னாடி போயிடும். அந்த அளவுக்கு உடம்பு பின்னாடி சாயலைன்னா கூடை அட்டைப்பெட்டிதான்.

இன்னொண்ணு, கூடையைக் கைக்கு பேரண்ட் பண்ணாதீங்க (கை போற இடமெல்லாம் தானா போற மாதிரி இணைக்காதீங்க). கூடையைத் தனியா அனிமேட் பண்ணி, கையோட ஐகே கன்ட்ரோலை (நுனியை நகர்த்தினா மூட்டுகள் தானா மடங்குற கட்டுப்பாடு) அதுக்குக் கட்டுங்க. கை அலைஞ்சா கூடையும் சேர்ந்து அலையறது அப்பதான் நிக்கும்.

திட்டு_கீஃப்ரேம்:
ரெஃபரன்ஸ் 30 எஃப்.பி.எஸ்தானே? பிளெண்டர் பின்னணி வீடியோவை ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேமாத்தான் ஓட்டும். அதனால 1 வினாடி செயல் 30 ஃப்ரேம், அதாவது 1.25 வினாடியா நீளுது. நீங்க அதைப் பார்த்தே போஸ் வச்சதால ஷாட் முழுக்க மிதக்குது. வீடியோவை 24 நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டு மறுபடி போடுங்க. மொபைல் வீடியோவுல ரேட் நடுவுலயே மாறிக்கிட்டு இருக்கும், அதனால மாத்தறது கட்டாயம்.

18 ஃப்ரேம்ல ஒரு பொருள் ரெண்டே முக்கால் மீட்டர் விழுந்துடும். இடுப்பு உயரம் 85 செ.மீ.ன்னா 10 ஃப்ரேம்தான். விட்ட இடத்துலேருந்து 2வது ஃப்ரேம்ல 3.4 செ.மீ., 4ல் 13.6, 6ல் 30.6, 8ல் 54.4. கிராஃப் எடிட்டர்ல (அசைவை வளைகோடா காட்டுற பகுதி) தரையைத் தொடுற கீயோட ஹேண்டிலை (வளைவைத் திருத்துற பிடி) உடைச்சு வெக்டர், அதாவது நேர்கோடா, ஆக்குங்க. அங்க ஈஸ் (வேகம் மெல்லக் குறையறது) இருந்தா கூடை மெத்தையில இறங்குற மாதிரி ஆகிடும்.

புது ரெஃபரன்ஸ் எடுக்கறதா இருந்தா புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துல காலையில கிடைக்கும். மொபைலை இடுப்பு உயரத்துல ஸ்டாண்டுல வச்சு, நேர் பக்கவாட்டுல எடுங்க.

முதுநகர்_ரிக்:
30தான். மாத்திட்டேன், விழுறது சரியாயிடுச்சு. நடையில மட்டும் கால் வழுக்குது.

கெடிலக்கரை:
அங்க இடுப்பைத்தான் முதல்ல பாருங்க. எடை நிக்கிற கால் மேல போகாம மறு கால் தூக்கினா எந்த ரிக்குலயும் (உருவத்தை அசைக்கிற எலும்புக்கூடு) வழுக்கற மாதிரிதான் தெரியும். கால் ஐகேயை ஊன்றியிருக்கிற ஃப்ரேம் முழுக்க ஒரே மதிப்புல வச்சு, ஹேண்டிலைத் தட்டையாக்குங்க.

சாதாரண நடையில ஒரு எட்டு 12 ஃப்ரேம்னா இதுக்கு 14 வைங்க. எட்டு குட்டையா, ரெண்டு பாதமும் கொஞ்சம் அகலமா இருக்கணும். டவுன் போஸுக்கு (எட்டுல உடம்பு ரொம்பத் தாழ்ற இடம்) 3 ஃப்ரேம்ல இறங்கி, மெதுவா ஏறணும். அப் போஸ்ல (உடம்பு ரொம்ப உயர்ற இடம்) முட்டி நேராகவே வேண்டாம். துறைமுகத் தரை ஈரம், அதனால குதிகால் முதல்ல படாம பாதம் தட்டையா ஊன்றும். கூடை இடுப்புக்கு 2 ஃப்ரேம் பின்னாடியே இறங்கட்டும்.

போட்ட உடனே பின்சாய்வு திடீர்னு தேவையில்லாம போயிடும். 3, 4 ஃப்ரேம் கை மேலே எகிறி, அப்புறம்தான் உடம்பு நேராகும். தரையில பட்ட கூடை துள்ளினாலும் 1 ஃப்ரேமுக்கு மேல துள்ளக் கூடாது. மீன் குவியல் 2 ஃப்ரேம் கழிச்சு அமுங்கட்டும்.