‘ஆல்பம் ஆர்ட்வொர்க்’ – உறைக்கலை எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘எனர்ஜி’ என்ற இசை ஆல்பத்தைப் பற்றிய என் கட்டுரை முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் அமையாமல் நிற்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1987-இல் தொடங்கி 1989-இல் கலைந்த ஆபரேஷன் ஐவி இசைக்குழுவின் ஒரே ஸ்டுடியோ ஆல்பம் ‘எனர்ஜி’. லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் 1989-இல் வெளியிட்டது. ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த ஆட்ட இசை), பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) இரண்டையும் ஜாஸ் போல அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குத் தயக்கமில்லை. இடிப்பது ‘ஆர்ட்வொர்க்’, அதாவது ஆல்பத்தின் உறைக்காகச் செய்யும் படம், எழுத்து, வடிவமைப்பு எல்லாம் சேர்ந்தது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

> அட்டைப்படம் என்றாலே போதுமே. வார இதழுக்கு அப்படித்தானே சொல்கிறோம்?

ஐயா, வார இதழுக்குச் சரி. இசைத்தட்டுக்குப் போதாது. எல்.பி.யை, அதாவது முழு ஆல்பம் அடங்கும் பெரிய தட்டை, கையில் எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம், தட்டைப் பொதிந்திருக்கும் உள்தாள், தட்டின் நடுவே ஒட்டிய வட்ட லேபிள் எல்லாமே ஒரே கையின் வேலையாக இருக்கும். அட்டைப்படம் என்றால் முன்பக்கம் மட்டுமே நினைவுக்கு வரும். அட்டையே இல்லாத இடமும் உண்டு, அதுவும் ஸ்காவிலேயே.

இசைக்கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் 1979-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 2 டோன் என்ற ஸ்கா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்கென்று ஒரு உருவம் உண்டாக்கினார். கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒல்லியான கறுப்பு டை, குட்டை விளிம்புத் தொப்பி, வெள்ளைக் காலுறை. வால்ட் ஜாப்ஸ்கோ என்று அவனுக்குப் பெயர். 1965-இல் ஜமைக்காவில் வந்த ‘தி வெய்லிங் வெய்லர்ஸ்’ இசைத்தட்டின் உறையில் அந்தக் குழுவின் பீட்டர் டாஷ் நிற்கும் தோரணையைப் பார்த்து வரைந்தது. 2 டோனின் சிங்கிள்கள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டுகள்) பல, கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு இவன் நிற்கும் பொதுவான காகித உறையில்தான் கடைக்கு வந்தன. எந்தக் குழுவின் பாட்டானாலும் அதே உறை, அதே ஆள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்த குழுக்களின் கொள்கையை அந்தக் கட்டங்களே சொல்லிவிடும். இதை ‘அட்டைப்படம்’ என்றால் அட்டையும் பொய், படமும் பாதிதான்.

ஆபரேஷன் ஐவியின் பாடகர் ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் படம் வரைபவரும்கூட. குழுவின் அடையாளமாகிவிட்ட, தொப்பி போட்டு ஆடும் மனிதன் அவர் கைவேலை. வால்ட் ஜாப்ஸ்கோவின் வழிவந்தவன்தான், ஆனால் அசையாமல் நிற்கிறவன் இல்லை. ஸ்காவுக்கே உரிய ஆட்டத்தில் இருக்கிறான். அழுத்தமான கறுப்பு மையில் வரைந்தது. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து ஒட்டும் பங்க் நோட்டீஸில் சாம்பல் நிறம் கரைந்துபோகும், இந்தக் கறுப்பு மட்டும் தாக்குப்பிடிக்கும். ஜமைக்காவின் புகைப்படம் கவென்ட்ரியில் சின்னமாகி, பெர்க்லியில் ஆடத் தொடங்கிய இந்தக் கதை முழுவதும் உறைகளின் மேல் நடந்தது. அதனால்தான் சொல்லிலும் ‘உறை’ இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன்.

> தொகுப்பு வரைகலை?

வரைகலை என்றால் இன்று கணினி கிராஃபிக்ஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘தொகுப்பு’ அதைவிடச் சிக்கல். ‘எனர்ஜி’ எல்.பி.யில் 19 பாட்டு. 1991-இல் வந்த சி.டி.யில் 27: முந்தைய ‘ஹெக்டிக்’ இ.பி.யின் (சில பாட்டுகளே உள்ள தட்டு) 6, வேறொரு பலகுழுத் தட்டில் வந்த 2, எல்லாம் சேர்த்து. பழைய பாட்டுகளைத் திரட்டுவதும் தொகுப்பு, புதிதாகப் பாடிப் பதிவதும் தொகுப்பு என்றால் கட்டுரையில் இந்த வேறுபாட்டை எப்படி எழுதுவது? நம் மரபில் தொகை வேறு, கோவை வேறு. பலர் பாடியதைத் திரட்டினால் தொகை, ஒருவரே வரிசை கட்டிப் பாடினால் கோவை. ஆல்பத்துக்குப் ‘பாடற்கோவை’ பொருந்தும் என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் பேசலாம்.

இப்போதைக்கு என் முன்மொழிவு: ஆர்ட்வொர்க் – உறைக்கலை. செய்தவர் உறைக்கலைஞர். பகுதிகள் முன்னுறை, பின்னுறை, உள்ளுறை.

———

வணக்கம். உறைக்கலை நல்லாயிருக்கு, நான் ஒப்புகிறேன். கையுறை, காலுறை, தலையணை உறை என்று புழங்கிற சொல்தானே, விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உள்ளுறை வேண்டாம். உள்ளுறை உவமம் படித்த எவருக்கும் அது மறைபொருளைத்தான் குறிக்கும். ‘பாடலின் உள்ளுறை’ என்று நீங்கள் எழுதினால் பாட்டின் கருத்தா, தட்டின் தாளா? ‘உள்தாள்’ என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். அதையே வையுங்கோ.

கோவையும் யோசிக்க வேண்டியது. எங்கட இலங்கைக் கந்தோர்களில் (அலுவலகங்களில்) கோவை என்றால் ஃபைல். தமிழ்நாட்டில் அது ஊர்ப்பெயர். ‘பாடற்கோவை’ என்று முழுதாகச் சொன்னால் குழப்பமில்லை, சுருக்கினால் வரும்.

———

இரண்டு மடலும் படித்தேன். இன்று பாட்டு கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் தட்டும் இல்லை, உறையும் இல்லை. ஃபோன் திரையில் ஒரு சிறு சதுரம்தான். இருபது வயதுப் பிள்ளைக்கு ‘உறைக்கலை’ எதைக் காட்டும்? ‘முகப்போவியம்’ நீண்டகாலம் நிற்காதா?

———

இருவருக்கும் நன்றி.

உள்தாள் ஏற்றேன், உள்ளுறை நீங்கியது.

முகப்போவியம் அழகான சொல். ஆனால் ஓவியம் என்றவுடன் வரைந்தது மட்டும் ஆகிவிடும். புகைப்படம், எழுத்துரு, கட்டங்கள், வண்ணத் தேர்வு எல்லாம் வெளியே நின்றுவிடும். 2 டோனின் கட்டங்களை ஓவியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகப்பு என்றால் பின்பக்கமும் போய்விடும். அந்தச் சிறு சதுரம் ஏன் சதுரம் என்று அந்தப் பிள்ளை கேட்டால், 12 அங்குலத் தட்டைப் போட்டுவைத்த உறை சதுரமாக இருந்ததால் என்றுதான் சொல்லியாக வேண்டும். திரைக்கு வந்தபிறகும் அந்த வடிவம் மாறவில்லை. ஆகவே சொல்லும் இருக்கட்டும்.

கட்டுரையில் ‘உறைக்கலை: ஜெஸ்ஸி மைக்கேல்ஸ்’ என்று இட்டு இன்றிரவு ஏற்றுகிறேன். உறையிலும் உள்தாளிலும் அச்சிடும் லைனர் நோட்ஸுக்கு ‘உறைக்குறிப்பு’ என்று இதே வழியில் அமைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.