மறு: மறு: ஃபார்முலரிக்குத் தமிழ்ல என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது)

மதுரை மருந்தாளுநர்:
எங்க ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தமிழ்ல கையேடு போடறோம். அதுல ஃபார்முலரிக்கு 'மருந்துப் பட்டியல்'னு எழுதினேன், ஒரு சிஸ்டர் "இண்டென்ட் லிஸ்ட்டா சார்?"னு, ஸ்டோர்ல மருந்து கேட்டு எழுதற சீட்டுன்னு நினைச்சு, கேட்டுட்டாங்க. வெறும் லிஸ்ட் இல்லையே, ஒரே பாராசிட்டமாலுக்கு எத்தனையோ பிராண்ட் இருக்க எதை வாங்கறது, கிட்னி கெட்டவங்களுக்கு டோஸ் எவ்வளவு குறைக்கணும், கோலிஸ்டின் மாதிரி கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் எழுத யார் கையெழுத்து வேணும், எல்லாம் டாக்டர்களும் நாங்களும் கமிட்டியா உக்காந்து முடிவு பண்றது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
பட்டியலே போதும். உலக சுகாதார நிறுவனம் 1977ல போட்டதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்னுதானே சொல்றோம்?

மதுரை:
அது லிஸ்ட்தான் சார். நம்ம தேசிய ஃபார்முலரி 1960லயே வந்தது, அதுல டோஸ், பக்கவிளைவு எல்லாம் இருக்கும். ரெண்டும் வேற.

சேலம் தமிழாசிரியர்:
ஃபார்முலான்னா வாய்பாடு. சீருக்குத் தேமா, புளிமா மாதிரி நோய்க்கு மருந்து. ஆகவே 'மருந்து வாய்பாட்டேடு'.

சென்னை:
ஐயா, நைட் டூட்டில தேமா புளிமா சொல்லிட்டா ஊசி போடுவாங்க? மிக்ஸ்சரை ஆஸ்பத்திரியிலேயே கலக்கின காலத்துக்கு வாய்பாடு சரி. சித்த மருத்துவ ஃபார்முலரில இன்னும் செய்முறைதான் இருக்கு, அங்க வச்சுக்கலாம்.

யாழ்ப்பாணத்து டொக்டர்:
நாங்கள் வார்ட்டில ஃபோமியூலரி எண்டுதான் சொல்லுறனாங்கள். ஆனா தெரிஞ்செடுக்கிறதுதான் இதின்ர உயிர். இங்க இலங்கையில மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அதுக்குத்தான் மல்லுக்கட்டினவர், 1971ல அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததும் அதாலதான். 'தெரிமருந்தேடு' எண்டு வைப்பம்.

சேலம்:
ஆகா, வினைத்தொகை! தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல்னு குறள்ல அதிகாரமே இருக்கே, ஆராய்ந்து தேர்றதுங்கற பொருள்லயே.

சென்னை:
நர்சுக்கு 'தெரிஞ்ச மருந்து'ன்னுதான் படும். சரி, ஏட்டுல இல்லாத மருந்துக்கு என்ன பேரு, தெரியாமருந்தா? ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், கூடவே நோயாளியும் கெட்டார்.

மதுரை:
சண்டை போதும், நாளைக்கு வெள்ளி. 'மருந்தேடு'ன்னு போட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்துல ஃபார்முலரின்னும் சேர்த்துடறேன். 'மருந்தேட்டில் இல்லாத மருந்து'ன்னா யாருக்கும் புரியும். நாலு பேர் சரின்னுட்டாங்க.

யாழ்ப்பாணம்:
'தெரி' போனதில எனக்கு உடன்பாடில்லை. பதிஞ்சு வையுங்கோ.

மதுரை:
புரூஃப் வந்தது. வரி முடியற இடத்துல சொல் உடைஞ்சு மேல 'மருந்'னும் கீழ 'தேடு'ன்னும் நிக்குது. சிஸ்டர் படிச்சுட்டு, "அதைத்தான் சார் தினமும் பண்றோம்"ங்கறாங்க.

சேலம்:
அப்போ பிரிச்சே போடுங்க, மருந்து ஏடு. வாய்பாட்டை விட்டா இப்படித்தான்.