‘வாட்ச்மென்’ நூலை எங்கிருந்து அணுகுவது?

வெள்ளவத்தை வாசகர்:
அலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87இல் 12 இதழ்களாக வெளிவந்த ‘வாட்ச்மென்’ சித்திரக்கதை பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசவிருக்கிறோம். பதின்ம வயதினரும் வருவார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
பக்க அமைப்பிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்டங்களை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், ஒரு கட்டம் பெரிதானாலே வாசகர் திடுக்கிடுகிறார். ஐந்தாம் அத்தியாயத்திலோ முதற்பக்கத்தின் கட்ட அமைப்பைக் கடைசிப் பக்கம் கண்ணாடிபோல் பிரதிபலிக்க, அந்த ஒழுங்கு நடுப்பக்கம் வரை தொடர்கிறது. என் பார்வையில் நூலின் உச்சம் அதுவே.

தெஹிவளை வாசகர்:
ஐயா, கதையில் வரும் முகமூடி மனிதன் ரோர்ஷாக்கின் விட்டுக்கொடாமையை வீரமென்று மட்டும் எடுத்துக்கொள்ளும் இளையோர் உண்டு. அவனது தனிமையையும் கொடூரத்தையும் ஆசிரியர் ஒருசேரக் காட்டுவதைப் பொறுமையாகப் பேசுங்கள். பாலியல் வன்முறைக் காட்சியும் இருப்பதால், பதினாறு வயதுக்குக் குறைந்தோருக்கு நான் கொடுக்கமாட்டேன்.