சக்கரமும் சூளையும் பகிரும் மண்பாண்டக் குழு வேண்டும் (தாம்பரம்)

அம்மாவுக்கு வயது 62. ஓய்வுபெற்றபின் வனையக் கற்றுக்கொண்ட கலைக்கூடம் ஜூன் மாதம் மூடப்பட்டுவிட்டது. களிமண் பிசைந்தால்தான் அவர் முகம் தெளிகிறது. அதனால் விட மனமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விசாரித்தேன்: ஒருநாள் பயிற்சிகள் மட்டும்தான், தொடர்ந்து வந்து செய்ய இடமில்லை. அடையாற்றில் ஒரு குழுவில் காத்திருப்போர் பட்டியல். ஊர்க் குயவர் அன்போடு தன் சூளையில் சுட்டுக் கொடுத்தார். ஆனால் அம்மா வனைவது ஸ்டோன்வேர் மண் (அதிக வெப்பத்தில் சுடும் களிமண்), மேலே பூசும் கண்ணாடி போன்ற மெருகு உருக ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வேண்டும்; அந்தச் சூளையில் அவ்வளவு சூடு வராது. கிண்ணங்களின் மேல் அது உருகாமல் சுண்ணாம்புப் பொடிபோல் விரலில் ஒட்டுகிறது. வீட்டில் மின்சூளை வைக்க வசதியில்லை.

வார நாட்களில் காலை வேளை, மாதக் கட்டணம், பஸ்ஸில் போய்வரும் தூரம்: தென்சென்னையில் இப்படி மூத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் குழு எங்கே இருக்கிறது?