ஸ்டெம் செல் என்பது குருத்தணுவா, மூல உயிரணுவா: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ரோஸ்ஹில் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியஸில் நம் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்புக்காக ஓர் ஆய்வகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். அங்கே ஒருவர் தசையை வளர்த்துப் பார்க்கிறார், ஒருவர் முழங்கால் குருத்தெலும்பை. ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய அணுவுக்கு, குருத்தணு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ‘குருத்தெலும்பாக மாறும் குருத்தணு’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள், இரண்டும் ஒரே குருத்து என்றுதான் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மோக்கா ஐயா:
அம்மா, குருத்து என்பதே இங்கே பொருந்தாது. குருத்து, குரும்பை எல்லாம் என் கணக்கில் ஒரே வேரடி. அதைத் தனியாக எழுதுகிறேன். (குருவையும் இதில் சேர்க்கப் பார்த்தேன். அது வடமொழி என்று வீட்டிலேயே தடுத்துவிட்டார்கள்.) ‘புறக்காழ் அனவே புல்லென மொழிப, அகக்காழ் அனவே மரமென மொழிப’ என்பது தொல்காப்பியம். காழ் என்றால் வைரம், தண்டின் கெட்டியான பகுதி. பனைக்கும் தென்னைக்கும் வைரம் வெளியே, ஆகவே புல். குருத்து அவற்றுக்கு உரியது. வைரம் உள்ளே இருக்கும் மரம் தளிர்தான் விடும். மனிதனுக்கு எலும்பு உள்ளேதானே? தளிரணு என்று எழுதுங்கள்.

திரியோலே தோட்டக்காரர்:
ஐயா, நண்டுக்கு ஓடு வெளியே. முறிந்த கொடுக்கை அது திரும்ப வளர்த்துக்கொள்கிறது. அப்போது நண்டுக்குக் குருத்தணு, நமக்குத் தளிரணுவா?

நான் குருத்தை விடமாட்டேன். பல்மிஸ்த் என்னும் பனைக்குருத்து சாலட்டுக்குக் குருத்தை எடுத்தால் அந்த மரம் அன்றோடு சரி. புது ஓலையைத் தரும் அணுக்கள் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. வாழையை வெட்டிப்போட்டாலோ மறுநாளே நடுவில் குருத்து எட்டிப்பார்க்கிறது. பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள், காட்டுகிறேன்.

குவாத்ர்போர்ன் தாதி:
அண்ணா, வாழையில் நீங்கள் வெட்டுவது இலையடிகள் சுருண்டு நிற்கும் பொய்த்தண்டு. வளரும் முனை கீழே கிழங்கில் இருக்கிறது. உங்கள் வழியே போனால் கிழங்கணு என்றுதான் முடியும்.

ஸ்டெம் என்றதும் செடியைத் தேடுவதுதான் தப்பு. 1868-இல் உயிரியலாளர் ஹெக்கெல் ஜெர்மனில் இந்தச் சொல்லை ஆண்டபோது, உயிர்களின் குலமரத்துக்கு அடியில் இருந்த ஓரணு மூதாதையைத்தான் சொன்னார். அது தண்டு இல்லை, கொடிவழி. எலும்பு மச்சையில் இன்றும் நடப்பது அதுதான்: தன்னைப் போன்றதையும் பெற்று வைத்துக்கொண்டு, இரத்த அணுக்களாகும் பிள்ளைகளையும் அனுப்புகிறது. மூல உயிரணு என்றால் தாத்தாவுக்கும் புரியும்.

திரியோலே தோட்டக்காரர்:
சரி தங்கச்சி, கிழங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா எலியின் முதிர்ந்த அணுக்களுக்குள் நான்கு மரபணுக்களை விட்டுப் பழைய நிலைக்குத் திருப்பினாரே, முற்றிய ஓலை மறுபடி குருத்தானது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூலத்தை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?

போர்ட்லூயி அச்சகத்திலிருந்து:
அணு இருக்கட்டும். ‘ஆய்வக உறுப்பினர்கள்’ என்று தலைப்பு வந்திருக்கிறது. உறுப்பு வளர்க்கும் இடத்தில் உறுப்பினர் என்றால், வளர்த்தவரா வளர்ந்தவரா? ஆய்வகத்தார் என்று மாற்றலாமா?

மோக்கா ஐயா:
மாற்றலாம். ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை சண்டை என்று யாரும் கேட்கவேண்டாம். 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியதற்கு இந்தத் தீவில் எழுந்த சத்தத்தில் தாள்களையே திரும்பப் பெற்றார்கள்.

ரோஸ்ஹில் ஆசிரியை:
ஐயா, தாளை அப்புறம் பேசுவோம். எங்கள் சுவரில் ஓடும் பச்சைப் பல்லியை முதல் வரியாக வைத்துவிட்டேன். அறுந்த வால் திரும்ப வளர்கிறது, ஆனால் உள்ளே பழைய எலும்புக்கணுக்கள் இல்லை, குருத்தெலும்புக் குழாய்தான். பாருங்கள், குருத்து மறுபடி வந்து நிற்கிறது. அதனால் மூல உயிரணு என்று போட்டு அனுப்புகிறேன். மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பதிலே எழுதவில்லை.

திரியோலே தோட்டக்காரர்:
அனுப்புங்கள் டீச்சர். ஆனால் வீட்டில் பாட்டி வாசித்தால் ‘மூலத்துக்கு ஆய்வகமா, எந்த ஊரில்?’ என்று கேட்பார். பதிலைத் தங்கச்சி சொல்லட்டும்.